ஐரோப்பாவின் பழைய ஊர்களையும் கட்டடங்களையும் சைக்கிளில் சுற்றிப் பார்க்க எந்தப் பாதை நல்லது? பயிற்சி இல்லாதவர்களால் முடியுமா?

ஜெர்மனியின் பாசாவிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை, டான்யூப் ஆற்றங்கரையோடு. யார் கேட்டாலும் முதலில் இந்தப் பாதையைத்தான் சொல்வேன். பயிற்சி இல்லாதவர்களாலும் முடியும். நாங்கள் அப்படிப் போனவர்கள்தான்.

நானும் என் மனைவியும் ஒரு செப்டம்பரில் போனோம். எனக்கு 49, அவளுக்கு 46. அதற்கு முன் இருவரும் ஒரே நாளில் 15 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியதில்லை. கிளம்ப இரண்டு மாதம் இருக்கும்போது வாரம் மூன்று நாள், காலையில் ஒரு மணி நேரம் ஓட்ட ஆரம்பித்தோம். அவ்வளவுதான் தயாரிப்பு. மொத்தத் தூரம் ஏறக்குறைய 320 கிலோமீட்டர். பலர் ஆறு, ஏழு நாளில் முடிக்கிறார்கள். நாங்கள் எட்டு நாள் எடுத்துக்கொண்டோம். இன்னும் இரண்டு நாள் சேர்த்திருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது.

இந்தப் பாதை ஏன் சுலபம் என்பதில்தான் இதன் வரலாறும் இருக்கிறது. நீராவிப் படகு வருவதற்கு முன்பு, ஆற்றின் போக்கில் இறங்கிய படகுகளைத் திரும்ப மேலே கொண்டுபோகக் கரையில் குதிரைகளைக் கட்டி இழுத்தார்கள். அந்தக் குதிரைகள் நடப்பதற்காகத் தண்ணீரை ஒட்டியே ஒரு தடம் இருந்தது. ட்ரெப்பல்வெக் என்று அதற்குப் பெயர். இன்றைய சைக்கிள் பாதை பல இடங்களில் அந்தத் தடத்தின் மேல்தான் போகிறது. பாரம் இழுக்கும் குதிரைக்கு ஏற்றம் ஆகாதே, அதனால் நமக்கும் ஏற்றம் இல்லை. எட்டு நாளில் 140 மீட்டர் போல, ஆற்றோடு சேர்ந்து மெதுவாக இறங்குகிறோம். காற்றும் பெரும்பாலும் மேற்கிலிருந்து வருவதால் முதுகைத் தள்ளிக் கொடுக்கும். வியன்னாவில் தொடங்கி மேற்கே போக வேண்டாம் என்பது அதனால்தான்.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் முக்கியம். இந்த ஊர்கள் எல்லாம் ஆற்றால் பிழைத்தவை. உப்பு, தானியம், திராட்சை மது, மரம், சுங்கம் எல்லாமே தண்ணீர் வழியாக வந்தன. அதனால் நல்ல வீடுகளும் கோபுரங்களும் ஆற்றைப் பார்த்தபடி நிற்கின்றன. ரயிலில் வந்தால் ஊரின் கொல்லைப்புறத்தில் இறங்குகிறோம். சைக்கிளில் வந்தால் வாசல் வழியாக நுழைகிறோம்.

பாசாவில் ஒரு முழு நாள் தங்குங்கள். ஜெர்மனியின் எல்லை ஊர் அது. டான்யூப், இன், இல்ஸ் என்று மூன்று ஆறுகள் கூடும் முனையில் நின்று பார்த்தால் மூன்று தண்ணீருக்கும் மூன்று நிறம். 1662-ல் பெரும் தீ ஊரையே எரித்தது. தேவாலயமும் போனது, கிழக்குப் பக்கத்துக் கோத்திக் பகுதி மட்டும் தப்பியது. கார்லோ லுராகோ என்ற இத்தாலியக் கட்டடக் கலைஞர் மீதியைப் பரோக் பாணியில் எழுப்பினார். அதனால் வெளியே கிழக்கிலிருந்து பார்க்கும்போது கூர் வளைவுகளும் மெல்லிய கல் வேலையுமாக ஒரு கட்டடம். உள்ளே போனால் வெள்ளைச் சுதை உருவங்கள் கூரையிலிருந்து வழிகிற வேறொரு கட்டடம். அங்குள்ள ஆர்கனில் 17,974 குழல்கள். கோடை மாதங்களில் மதியக் கச்சேரி உண்டு. நாங்கள் கேட்டபோது தாழ்ந்த சுரம் ஒன்று காதுக்கு வரும் முன்பே பெஞ்சின் வழியாக முதுகுக்கு வந்துவிட்டது. என் மனைவி அரை மணி நேரம் கண்ணைத் திறக்கவே இல்லை.

வெளியே வந்ததும் நகராட்சிக் கட்டடத்துச் சுவரில் வெள்ளக் கோடுகளைப் பாருங்கள். 1501-க்குப் பிறகு மிகப் பெரிய வெள்ளம் 2013 ஜூனில் வந்தது, ஆறு 12.89 மீட்டர் உயரம் தொட்டது. அந்தக் கோட்டுக்குக் கீழே நின்றால் நம் தலை எங்கோ கீழே இருக்கிறது. இந்தக் கோடுகளைப் பார்த்துப் பழகிக்கொண்டால் அடுத்த எட்டு நாளும் ஒவ்வொரு ஊரையும் படிக்க ஒரு வழி கிடைத்துவிடும். கீழ்த்தளத்தில் ஜன்னல் ஏன் சிறியது, முக்கியமான அறை ஏன் மாடியில், தேவாலயம் ஏன் மேட்டில் என்று எல்லாம் புரியும்.

பாசாவ் தாண்டியதும் ஊர்கள் குறைந்து காடு நெருங்கும். ஷ்லோகன் என்ற இடத்தில் பாறை வழிவிடாததால் ஆறு வந்த வழியே திரும்புகிறது. வடகரையில் போனால் அங்கே பாதை முடிந்துவிடும். சைக்கிளோடு சிறு படகில் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். அடுத்த நாள் ஓட்டன்ஸ்ஹைமில் வேறு மாதிரியான படகு. குறுக்கே கட்டிய இரும்புக் கம்பியில் தொங்கிக்கொண்டு, மோட்டாரே இல்லாமல், ஆற்றின் வேகத்தை மட்டும் வைத்து அக்கரை போகிறது. எதிர்க்கரையில் வில்ஹெரிங் மடாலயம். வெளியே சாதாரணமாக இருக்கும், ஏமாந்து கடந்துவிடாதீர்கள். 1733-ல் எரிந்த பிறகு ரொக்கோகோ என்ற அலங்காரம் மிகுந்த பாணியில் கட்டிய உட்புறத்தில், சுவர் எங்கே முடிகிறது, கூரை எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கவே நேரம் ஆகும்.

அதற்குப் பிறகு லின்ஸ் வரை வண்டிகள் ஓடும் சாலையை ஒட்டியே போக வேண்டும். இந்தப் பயணத்தில் எனக்குப் பிடிக்காத ஒரே துண்டு அது. லின்ஸில் பெரிய சதுக்கம் அழகு. வானியலாளர் கெப்ளர் 1612 முதல் 1626 வரை வாழ்ந்த ஊர் என்பது எனக்குத் தனி மகிழ்ச்சி. இருந்தாலும் அங்கே அதிக நேரம் செலவிடாமல் 25 கிலோமீட்டர் தள்ளியுள்ள என்ஸில் தங்கியது நல்ல முடிவாக அமைந்தது. 1212-ல் நகர உரிமைச் சாசனம் பெற்ற ஊர். ஆஸ்திரியாவின் மிகப் பழைய நகரம் என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு அந்தச் சாசனம்தான் ஆதாரம். சதுக்கத்தின் நடுவே 60 மீட்டர் உயரக் கோபுரம், 1564-ல் தொடங்கி 1568-ல் முடித்தது. அரசருக்காகவோ தேவாலயத்துக்காகவோ இல்லாமல் நகர மக்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்டது. மாலையில் உல்லாசப் பயணிகள் யாரும் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் கோபுரத்தடியில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஊர் மதிலில் மிச்சமிருக்கும் பகுதியைச் சுற்றி நடந்தோம். இந்த மதிலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

என்ஸுக்கு எதிர்க்கரையில் மவுத்ஹவுசன். போக வேண்டுமா, விடுமுறைப் பயணத்தில் இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1938 முதல் 1945 வரை நாஜிகளின் வதைமுகாம் அங்கே இருந்தது. சுமார் 1,90,000 பேரை அடைத்துவைத்தார்கள். குறைந்தது 90,000 பேர் இறந்தார்கள். முகாமை அந்த மேட்டில் வைத்ததற்குக் காரணமே அங்கிருந்த கருங்கல் குவாரி. வியன்னா நகரத்துக்குச் சொந்தமாக இருந்த குவாரி அது. தெருக்களில் பாவக் கல் அங்கிருந்து போனது. கைதிகள் கல்லைச் சுமந்து ஏறிய 186 படிகள் இப்போதும் இருக்கின்றன. ஆற்றங்கரையிலிருந்து மேலே போகும் சாலை செங்குத்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போனோம். பழைய கட்டடங்களின் அழகை ரசிக்கப் போகிறவர்களுக்கு, கல் எங்கிருந்து வருகிறது, யார் முதுகில் வருகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அன்று பிற்பகல் முழுவதும் நாங்கள் இருவரும் அதிகம் பேசவில்லை.

இரவு கிரைன். மொத்தப் பயணத்தில் என் மனம் ஒட்டிக்கொண்ட ஊர் அதுதான். அதற்குக் கீழே ஆறு குறுகி, பாறைகளும் சுழல்களுமாகப் படகுகளை விழுங்கிக்கொண்டிருந்த காலம் உண்டு. அந்த இடத்தைக் கடக்க வழி தெரிந்த உள்ளூர்ப் படகோட்டிகள் தேவைப்பட்டார்கள். கிரைன் அப்படித்தான் வளர்ந்தது. பின்னர் பாறைகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1959-ல் கீழே இப்ஸ் மின் அணையும் வந்த பிறகு தண்ணீர் குளம் போல ஆகிவிட்டது.

அங்கே 1791-ல் தொடங்கிய ஒரு குட்டி நாடக அரங்கம் இருக்கிறது. ஊர் நிர்வாகக் கட்டடத்தில் தானியம் சேர்த்துவைத்த பகுதியை அரங்கமாக மாற்றியிருக்கிறார்கள். சந்தா கட்டியவர்களுக்கு நாற்காலியோடு சாவியும் கொடுப்பார்களாம். ஆட்டம் முடிந்ததும் இருக்கையை மடக்கிப் பூட்டிவிட்டுப் போகலாம். வேறு யாரும் உட்கார முடியாது. பக்கத்திலேயே ஊர்ச் சிறை. சிறை அறையிலிருந்து அரங்கத்துக்குள் ஒரு ஜன்னல், கைதிகளும் நாடகம் பார்க்க. கழிப்பிடத்துக்கும் அரங்கத்துக்கும் நடுவே ஒரு திரைதான். மர இருக்கையின் பூட்டைத் தொட்டுப் பார்த்தபோது, அரண்மனைகளில் கிடைக்காத ஏதோ ஒன்று கிடைத்தது எனக்கு. சாதாரண மனிதர்கள் வேலை முடிந்து வந்து உட்கார்ந்து சிரித்த இடம் இப்படி முழுதாக மிஞ்சுவது அபூர்வம்.

நாங்கள் தங்கிய வீட்டு அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். சைக்கிளை வைக்க இடம் காட்ட வந்தவர், மாடிப்படியில் ஒரு இடத்தில் கையை வைத்து, 2002 ஆகஸ்ட்டில் தண்ணீர் இதுவரை வந்தது என்றார். அப்புறம் எங்களைத் தெருவுக்கே அழைத்துப்போய், ஆற்றங்கரையில் தரையில் பதித்த உலோகத் தடங்களைக் காட்டினார். வெள்ளம் வரும் என்று செய்தி வந்ததும் அந்தத் தடங்களில் தூண்களை நட்டு, இடையில் பலகைகளைச் செருகிச் சுவராக எழுப்பிவிடுவார்கள். 2013-ல் ஆறு அந்தச் சுவரின் விளிம்புக்கு அருகே வந்து நின்றதை அவர் தெருவில் நின்று பார்த்திருக்கிறார். வருடம் முழுவதும் ஆற்றைப் பார்த்து வாழ்ந்த ஊர், தன் முகத்தை நிரந்தரச் சுவரால் மூடிக்கொள்ளாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. எனக்கு அது மிக அழகான கட்டடக்கலையாகவே பட்டது.

மெல்க் மடாலயத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், ஆனாலும் சைக்கிளிலிருந்து பார்ப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாதையின் ஒரு வளைவில் பாறைக்கு மேல் மஞ்சள் நிறத்தில் ஒரு புள்ளி தெரிகிறது. ஓட்ட ஓட்ட அது மரங்களுக்குப் பின்னால் போய் மறைந்து, மறுபடி வரும்போது இரட்டைக் கோபுரமும் குவிமாடமுமாக வளர்ந்திருக்கிறது. இன்னொரு தடவை மறைந்து வரும்போது மலை முழுவதுமே கட்டடம். கட்டடக் கலைஞர் யாக்கோப் பிராண்டவர் 1702-ல் தொடங்கினார். 1726-ல் இறந்துவிட்டார், முடிந்ததைப் பார்க்கவில்லை. யோசெப் முங்கனாஸ்ட் 1736 வாக்கில் முடித்தார். படகில் மெதுவாக வருகிறவன் கண்ணுக்காகவே அமைத்த காட்சி என்பது அந்த அரைமணி நேரத்தில் எனக்குப் புரிந்தது. பேருந்தில் வருகிறவர்கள் பின்பக்க வாகன நிறுத்தத்தில் இறங்குகிறார்கள். பாவம், அவர்களுக்கு இது கிடைப்பதில்லை.

உள்ளே மார்பிள் மண்டபம் என்று ஒன்று உண்டு. அதில் கதவு நிலைகள்தான் உண்மையான சலவைக்கல், சுவரெல்லாம் மெருகேற்றிய சுதை. கையை வைத்துப் பார்த்தால் சலவைக்கல்லின் குளிர்ச்சி இருக்காது. நூலகத்தில் சுமார் ஒரு லட்சம் நூல்கள். காலையில் கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள்.

மெல்க்கிலிருந்து கிரெம்ஸ் வரை 36 கிலோமீட்டர், வாஹவ் பள்ளத்தாக்கு. யுனெஸ்கோ 2000-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஓட்ட மூன்று மணி நேரம் போதும், ஆனால் ஒரு நாள் முழுவதும் கொடுங்கள். மலைச்சரிவு முழுக்கச் சாந்து இல்லாமல் அடுக்கிய கற்சுவர்கள், படிப்படியாகத் திராட்சை. அந்தச் சிற்றூர்களில் வளைவுத் தாழ்வாரமும் பெரிய முற்றமுமாக, ஊரின் அளவுக்குப் பொருந்தாத வீடுகள் நிற்கும். பவேரிய மடாலயங்களுக்கு இங்கே திராட்சைத் தோட்டம் இருந்தது. பழத்தைப் பிழிந்து சேர்த்துவைக்கக் கட்டியவை அவற்றில் பல. அந்த மதுவைத்தான் குதிரைகள் நாம் வந்த தடத்திலேயே மேற்கே இழுத்துக்கொண்டு போயிருக்கின்றன. வீட்டு வாசலில் கம்பில் ஊசியிலைக் கொத்து தொங்கினால் அன்று அங்கே மதுக்கடை உண்டு என்று பொருள். சொந்த விளைச்சலைத் தோட்டக்காரரே விற்கலாம் என்று 1784-ல் பேரரசர் இரண்டாம் யோசெப் கொடுத்த உரிமை அது. மது வேண்டாம் என்றால் திராட்சைச் சாறு கேளுங்கள். ஆப்ரிகாட்டை உள்ளே வைத்து வேகவைத்த மரில்லன் உருண்டையைத் தவற விடாதீர்கள்.

இந்தப் பகுதியில்தான் டூர்ன்ஸ்டைன். வாகனச் சாலையை ஊருக்கு அடியில் சுரங்கமாகக் கொண்டுபோய்விட்டதால் தெருவில் கார் சத்தம் இல்லை. மேலே இடிந்த கோட்டை. சிலுவைப் போரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த இங்கிலாந்து அரசர் ரிச்சர்டை ஆஸ்திரியப் பிரபு ஐந்தாம் லியோபோல்ட் 1192 டிசம்பரில் பிடித்து அங்கேதான் அடைத்துவைத்தார். விடுவிக்க வாங்கிய வெள்ளியில் லியோபோல்டின் பங்கு கட்டடங்களாக மாறியது: வியன்னாவின் மதில் விரிந்தது, வீனர் நொயிஷ்டாட் என்ற புது நகரமே எழுந்தது. என்ஸில் நாங்கள் சுற்றி வந்த மதிலுக்கும் அந்தப் பணத்தில் பங்கு உண்டு என்று அந்த ஊரில் சொல்கிறார்கள். கோட்டைக்கு ஏறும் வழி சைக்கிளுக்கு ஆகாது. கீழே பூட்டிவிட்டு ஏறினோம், மெதுவாக ஏறினால் அரைமணி.

சரி, நடைமுறை விஷயங்கள். சைக்கிளை இங்கிருந்து கொண்டுபோக வேண்டாம். பாசாவில் எடுத்து வியன்னாவில் விட்டுவிடும்படி வாடகைக்குக் கிடைக்கிறது. பெட்டிகளை ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்கு வண்டியில் அனுப்பும் சேவையும் உண்டு. நாங்கள் அதை எடுத்தோம், ஒரு நாள் இரவு பெட்டி வரவில்லை, மறுநாள் மதியம்தான் வந்தது. ஆகவே ஒரு மாற்றுடை, மருந்து, பாஸ்போர்ட் மூன்றையும் சைக்கிளிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மின்சார சைக்கிள் எடுக்கத் தயங்க வேண்டாம், எங்களைவிட வயதான பலர் அதில்தான் வந்தார்கள். ஆனால் பழைய ஊர்களின் உள்தெருக்கள் உருண்டைக் கல் பாவியவை. மழையில் வழுக்கும், இறங்கித் தள்ளுங்கள். உட்காரும் இடம் மூன்றாம் நாள் வரை வலிக்கும், பஞ்சு வைத்த கால்சட்டையை இங்கேயே வாங்கிவிடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் அறைகள் நிரம்பிவிடும். மே, ஜூன், செப்டம்பர் நல்லது. இறைச்சி வேண்டாம் என்றால் சிற்றூர்களில் பாலாடைக்கட்டி சேர்த்த ஸ்பெட்ஸ்லே பெரும்பாலும் கிடைக்கும், அது முட்டை கலந்த மாவுப் பண்டம். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே பழமும் ரொட்டியும் வாங்கிக்கொள்ளுங்கள். ஷெங்கன் விசாவுக்கு எந்த நாட்டில் அதிக இரவுகளோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். இந்தப் பயணத்துக்கு மட்டும் போவதென்றால் அது ஆஸ்திரியா. உடம்பு முடியாத நாளில் ரயில் இருக்கிறது. பல இடங்களில் பாதைக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது, சைக்கிளையும் ஏற்றலாம்.

கிரெம்ஸுக்குப் பிறகு பள்ளத்தாக்கு விரிந்து சமவெளி ஆகிவிடும். தென்கரையில் ஸ்வென்டென்டார்ஃப் அணுமின் நிலையத்தைக் கடப்பீர்கள். முழுதாகக் கட்டி முடித்து, 1978 நவம்பரில் வாக்கெடுப்பில் 50.47 சதவீதம் பேர் வேண்டாம் என்றதால் ஒரு நாள்கூட இயங்காமல் நிற்கிறது. கோபுரங்களையும் கோட்டைகளையும் எட்டு நாளாகப் பார்த்துவிட்டு அந்தக் கான்கிரீட் பெட்டிக்கு முன் நின்றபோது, இதுவும் காப்பாற்ற வேண்டிய கட்டடம்தான் என்று என் மனைவி சொன்னாள். நானும் அதை ஒப்புக்கொள்கிறேன்.

வியன்னாவுக்குள் பாதை கால்வாய்க் கரையோடு நகரின் நடுவுக்கே கொண்டுவந்து விடுகிறது. நாங்கள் நேராக விடுதிக்குப் போகவில்லை. ரிச்சர்டின் வெள்ளியால் விரிந்து, பிறகு பல தலைமுறைகள் பலப்படுத்திய மதிலை 1857-ல் பேரரசர் பிரான்ஸ் யோசெப் இடிக்கச் சொன்னார். மதிலும் அதன் முன்னால் இருந்த வெற்றுவெளியும்தான் ரிங்ஸ்ட்ராஸ என்ற பெருஞ்சாலை ஆனது. ஓப்பெரா, நாடாளுமன்றம், நகர மன்றம் எல்லாம் அதன் ஓரத்தில் நிற்கின்றன. அதில் சைக்கிளுக்கென்று தனிப் பாதை இருக்கிறது. டூர்ன்ஸ்டைனில் ஏறிய படிகள் இன்னும் காலில் வலித்துக்கொண்டிருக்க, அந்த மதில் இருந்த வழியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தோம்.